பழைய இறால் குட்டையில் இருநூறு கன்றுகள்

ஜோசெட்டுக்குக் கை சும்மா இருக்காது. கான் யோ சதுப்புக்காட்டின் நடுவே மரக்கால்கள் மேல் நிற்கும் ஆராய்ச்சி நிலையத்தில் காவல், சமையல், நீர்மட்டம் பார்த்து எழுதுவது எல்லாம் அவள்தான். வரைபடத்தில் அந்த இடமும் சைகோன் நகரத்தோடுதான் சேர்த்தி. நகரமோ பத்து நாளைக்கு ஒருமுறை, படகோட்டி லோய் கொண்டுவரும் குடிதண்ணீரும் அரிசியுமாக வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும்.

அவள் அப்பா எட்மோன் காரைக்கால்காரர். சைகோனின் கான் ஹொய் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். போர் முடிந்து ஆட்சி மாறிய மறுவருஷம் மூத்த மகனோடு பிரான்சுக்குக் கிளம்பினார். பயணக் காகிதம் கிடைக்காத வியட்நாமிய மனைவியையும் மகளையும் பிறகு கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். கூப்பிடவில்லை. ஜோசெட் அதற்காக உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. போரில் மொட்டையான கண்டல் காட்டைத் திரும்ப நடும் அணியில் பத்தொன்பது வயதில் சேர்ந்து, இடுப்பளவு சேற்றில் இறங்கினாள்.

அந்த அணியில் ஒரு வழக்கம் இருந்தது. கன்று செத்தால் அது நட்டவரின் குற்றம். கூட்டத்தில் பேர் சொல்லி எழுப்பி நிற்க வைப்பார்கள். ஜோசெட் ஒரே ஒரு தடவை அப்படி நின்றாள். அன்றிலிருந்து எங்கே இடைவெளி தெரிந்தாலும், யாரும் கேட்பதற்கு முன்னால் அங்கே ஒரு புதுக்கன்று நின்றுவிடும்.

இருபது வருஷம் தமிழ் பேச ஆளில்லாமல் இருந்தவளுக்கு 1996-இல் ஒரு ஆள் கிடைத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து ராமாமிர்தம், தாவர ஆராய்ச்சியாளர், ஆறுமாத வேலையாக வந்தார். முதல் வாரம் முழுக்க அவள், ஐயா என்பதற்கு அப்பா சொல்லும் பிரெஞ்சு ‘முசே’வைச் சேர்த்துக்கொண்டு, தன் துருப்பிடித்த தமிழைத் தேடித் தேடி எடுத்துப் பேசினாள். மூன்றாவது வாரம் அதே தமிழில் சண்டை போட்டாள்.

சண்டை தண்ணீருக்காக. படகு வர இன்னும் ஆறு நாள் இருக்க, மனிதர் காலையும் மாலையும் குடிதண்ணீர் ஜாடியிலிருந்து மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தவள், மூன்றாம் நாள் மூடியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். அவருக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. தான் ஒன்றும் திருடனில்லை என்றார். திருடனாயிருந்தால்கூடக் கொஞ்சம் மிச்சம் வைப்பான் என்றாள் இவள். அத்தோடு பேச்சு நின்றது.

இருபத்து மூன்று நாள். இருக்கிறது இரண்டே அறை, சுற்றிலும் சேறு. கோபித்துக்கொண்டு எங்கே போவது? அவர் சாப்பிட உட்கார்ந்தால் இவள் எழுந்து போவாள். இவள் நடந்தால் பலகை அதிர்கிறது என்று அவர் நாற்காலியைத் தரதரவென்று இழுப்பார். ஏதாவது வேண்டுமென்றால் துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் வைப்பார். பேனாவால் அவ்வளவு கோபத்தை அழுத்தி எழுத முடியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. கைவிடப்பட்ட இறால் குட்டை ஒன்றில் அவர் இருநூறு கன்றுகளை நட்டிருந்தார். கரையை உடைத்து, கடல் ஏறும்போது வரும் தண்ணீரை மூன்று வாரம் உள்ளே விட்டுப் பிறகு நட்டால், புளித்துப்போன மண்ணிலும் காடு வரும் என்பது அவர் கட்சி. கன்றுகளோ வாடின. பாவம், சொந்த ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து கூட்டத்தில் தலைகுனிந்து நிற்கப்போகிறாரே என்று ஜோசெட்டுக்கு இருந்தது. அவர் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, தண்ணீர் வற்றியதும் குட்டைக்குப் போவாள். செத்ததைப் பிடுங்கிவிட்டு, பின்காட்டில் கெல்லி எடுத்த அதே உயரத்துக் கன்றை வைப்பாள். பேசாமல் இருக்கிற மனிதருக்குப் பேசாமலே ஓர் உதவி.

இருபத்து நாலாம் நாள் அவர் கன்றுகளை எண்ணிவிட்டு முழங்கால் சேறோடு ஓடிவந்தார். இருநூற்றில் நூற்றுத் தொண்ணூற்றாறு பிழைத்திருக்கிறது என்றார். ஜாடி, கயிறு, எல்லாம் பறந்துபோயிற்று. தானே டீ போட்டு அவளுக்கு ஒரு கிளாஸ் நீட்டினார். அவளுக்கும் மனசு நிறைந்துதான் போனது, அவர் அடுத்ததைச் சொல்லும் வரை. இறால் குட்டையில் எல்லாவற்றையும் இழந்த அறுபது குடும்பங்கள் இந்த மழைக்கு இதே முறையில்தான் நடப்போகின்றன. வன அலுவலகம் இவருடைய அறிக்கைக்காகக் காத்திருக்கிறது. நாளை மறுநாள் லோயிடம் கொடுத்தனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

ஜோசெட் கிளாஸைக் கீழே வைத்தாள். அறுபது குடும்பமும் சேற்றில் இறங்கி நட்டு, அத்தனையும் சாவதை அவள் அங்கேயே கண்ணால் பார்த்தாள். சொன்னால் வேலை போகும். நிலையத்தின் கன்றில் கைவைத்தவளை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போனால் இந்த அறையும் போகும். நகரத்தில் அவளுக்கு ஓர் அறைகூடக் கிடையாது, அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று.

இரண்டு நாள் அவள் இருப்புக்கொள்ளாமல் திரிந்தாள். தேய்த்த பானையையே தேய்த்தாள். நீர்மட்டத்தை ஒரே மணியில் மூன்று தரம் எழுதினாள். அவரோ இருபத்து மூன்று நாள் பேச்சையும் வட்டியோடு பேசித் தீர்த்தார். மனைவி, மகள், ஊர் ஆறு, தயிர்சாதம். எந்தப் பேச்சுக்காக அவள் ஏங்கினாளோ அது இப்போது காதில் விழ விழ எழுந்து வெளியே போனாள்.

படகு காலையில் வந்தது. தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. உடனே திரும்பணும் என்று லோய் அவசரப்படுத்தினான். ராமாமிர்தம் உறையை நீட்ட, அவன் கை நீட்ட, ஜோசெட் நடுவில் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

“குடுக்காதீங்க முசே. செத்ததையெல்லாம் பிடுங்கிட்டு நான்தான் புதுசு வச்சேன்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உறையை விட்டுவிட்டார். லோய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்கெதற்கு வம்பு என்று படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். அவர் கத்துவார் என்று அவள் நின்றாள். அவர் கத்தவில்லை. உறையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா, இதை அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நாமதான் பேசிக்கலையே, முசே.”

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு அவளோடு குட்டைக்கு இறங்கினார். எது அவருடையது, எது தன்னுடையது என்று வரிசை வரிசையாக அவள் தடுமாறாமல் சொன்னாள். நட்ட கைக்குத் தெரியாதா? குறித்துக்கொண்டால் போதும், கன்றுகள் நிற்கட்டும் என்றார் அவர். நின்றால் அடுத்து வருகிறவர் பிழைத்த கணக்கில் எண்ணிவிடுவார் என்று சொல்லிவிட்டு, அவளே குனிந்து முதல் கன்றைப் பிடுங்கினாள். அது பச்சையாக, வேரோடு, உயிரோடு வந்தது. பதினெட்டு வருஷத்தில் நட்ட கன்று ஒன்றை அவள் உயிரோடு பிடுங்கியதில்லை. இரண்டாவதைப் பிடுங்கும்போது வாய்விட்டு அழுதாள்.

ராமாமிர்தம் நோட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, அடுத்த வரிசையில் தானும் குனிந்தார். தண்ணீர் ஏறுவதற்குள் நூற்று அறுபதைப் பிடுங்கி முடித்தார்கள். அவருடையது முப்பத்தாறுதான் மிஞ்சியது. குட்டையின் பெரும்பகுதி மறுபடி வெறும் சேறாகக் கிடந்தது.

அன்று மதியமே அறிக்கையைப் புதிதாக எழுதினார். முறை தோற்றது என்று முதல் வரியிலேயே போட்டார். கணக்கு பிசகிய காரணத்தை எழுதும் இடத்தில் பேனா நின்றது. ஜோசெட் எதிரே உட்கார்ந்து தன் பேருக்காகக் காத்திருந்தாள். அவர் எழுதியதை உரக்க வாசித்தார்: ஆராய்ச்சியாளர் கோபத்தில் இருபத்து மூன்று நாட்கள் நிலையக் காவலரிடம் பேசவில்லை.