புக்கிட் டம்பாரில் சொன்ன பொய்

நேற்று ஜார்ஜ் டவுனில் கண் மருத்துவரிடம் போயிருந்தேன். தாதி சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். எல்லாம் கலங்கித் தெரிந்த அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலி அம்மா தைலக் குப்பியைத் திறந்தார். அந்த வாடையோடு ஸ்டெல்லா அக்கா நினைவில் வந்துவிட்டார்.

கடலுக்கு அக்கரையில், மாக் மண்டின் தொழிற்சாலையில்தான் எனக்கு முதல் வேலை. அக்கா அங்கே கணக்கெழுதும் மூத்த கிராணி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் இருவரும் பெர்ரி பிடித்து இந்தத் தீவுக்கு வந்து புக்கிட் டம்பார் ஏறுவோம். சின்னக் குன்றுதான், இருபது நிமிடத்தில் உச்சி. அக்கா முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறுவார். இருபத்திரண்டு வயதுக்காரி நான், செருப்பில் கல் என்று சாக்குச் சொல்லிப் பாதியிலேயே நிற்பேன். மேலே போனால் பாலம், கடல், அக்கரை எல்லாம் விரிந்து கிடக்கும். "வாரம் பூரா செவுத்தப் பாத்த கண்ணுக்கு இது வேணும்லா" என்பார் அக்கா.

அந்தக் கண்ணைத்தான் இனிப்பு நீர் வியாதி தின்றது.

கடைசியாக ஏறிய மதியம், என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேலையை விட்டுவிட்டு, கெப்பாலா பத்தாஸில் தம்பி வீட்டுக்குப் போகவிருந்தார். உச்சியில் நின்று, "என்ன தெரியுதுன்னு சொல்லும்மா" என்றார். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. வருந்துவாரே என்று, "ஒரே பொகமூட்டம்க்கா. எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்போது எங்கள் பின்னால் ஏறி வந்த ஒருவர் தன் மனைவியிடம், இன்றைக்கு நல்ல வெளிச்சம், ஜெராய் மலைகூடத் தெரிகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா என் கையை விட்டுவிட்டார்.

"எனக்குப் பார்வைதாம்மா போச்சு. நீயும் சேந்து மறைக்கணுமா?"

கோபமில்லாமல்தான் சொன்னார். இறங்கும்போது கம்பியைத் தடவித் தடவி வந்தார். என் கையைத் தேடவில்லை.

போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாரா வாரம் நினைப்பேன். ஒரு மணி நேரப் பயணம்தான். வெட்கம் விடவில்லை. இரண்டு வருடம் கழித்து அடக்கத்துக்குத்தான் போனேன். "அக்கா ஒங்களக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார் தம்பி.

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. குன்றின் முன்னால் எழுந்த அடுக்குமாடிகள் கடலில் பாதியை விழுங்கிவிட்டன. தம்பியும் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார். போன வருடம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அடக்கத்தன்று நட்ட மரச்சிலுவை மக்கிப் போயிருக்க வேண்டும். லாலான் புல்லுக்குள் வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். எந்த மேடு அக்காவுடையது என்று தெரியவில்லை.