ஏழு பூச்சும் ஒரு பன்னீர்ப் பாட்டிலும்

நாளொன்றுக்கு நாலு வீடு ஏறி, நாலு முகங்களுக்குப் பூசி, துடைத்து, மறுபடி பூசிவிட்டு வரும் ஹெலன் தன் முகத்துக்குப் போடுவது ஒரே ஒரு சோப்பு. அதுவும் வீட்டில் எல்லோரும் குளிக்கிற சோப்பு. கணவன் சாமுவேல் கேலி செய்தால், "ஓட்டல்காரன் வூட்ல தெனமும் பிரியாணியா துன்றான்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

பிறந்தது கோலார் தங்கவயலில், உரிகாமில். அப்பா வின்சென்ட் சுரங்கத்திலிருந்து ஏறி வந்ததும் அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி மூன்று தடவை முகம் கழுவ வைப்பாள். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் வந்திருப்பது யாரென்று தெரியும். ஆக, ஹெலன் முதன்முதலில் கண்ட முகப் பராமரிப்பு பூசுவதல்ல, எடுப்பது. பிறகு சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவின் முகம் சுத்தமாயிற்று, கூடவே அடுக்களையும். பத்தொன்பது வயதில் விடிகாலை ரயிலேறி பிரேசர் டவுன் பார்லர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த ஹெலன், பதினோரு வருஷம் அங்கே புருவம் திருத்தினாள். இப்போது நீலசந்திராவில் வீடு, ஒரு ஸ்கூட்டர், முதுகில் கறுப்புப் பை, கைபேசியில் ஒரு செயலி. செயலி எந்த வீட்டைச் சொல்கிறதோ அங்கே போக வேண்டும்.

'உங்களுக்கு நீங்களே முதலாளி' என்பது அந்தச் செயலியின் வாசகம். உண்மைதான். என்ன, அந்த முதலாளியை யார் வேண்டுமானாலும் ஐந்து நட்சத்திரத்துக்குள் எடைபோட்டு வேலையிலிருந்து தூக்கலாம். கடைசி ஐம்பது பேர் போட்ட நட்சத்திரங்களின் சராசரி 4.7க்குக் கீழே இறங்கினால் ஐடி முடங்கும். முடங்கிய ஐடி திரும்ப உயிர்பெற்றதாக ஹெலனுக்குத் தெரிந்தவர்களில் யாரும் சொன்னதில்லை. கோரமங்களாவில் ஒருத்தி லிஃப்ட் ஓடவில்லை என்று இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தாள், லிஃப்டை ஓட்டுவது ஹெலன்தான் என்பதுபோல. அந்தச் சனிக்கிழமை ஹெலனின் கணக்கு சரியாக 4.7. இனி ஒரே ஒரு நாலு விழுந்தாலும் கதை முடிந்தது.

பகல் இரண்டு மணிக்கு மல்லேஸ்வரத்தில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த ராஜலக்ஷ்மி அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். "அஞ்சு மணிக்கு மாப்பிள்ளையாத்துக்காரா வர்றா. நாலரைக்கெல்லாம் பொண்ணு ரெடியாயிடணும், ஆகுமோன்னோ?" என்றாள் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே. அவள் கைபேசியிலிருந்துதான் பதிவு செய்திருந்தார்கள். எனவே நட்சத்திரமும் அவள் கையில்தான்.

கிண்ணத்தில் தண்ணீர் எடுக்க ஹெலன் சமையலறைக்குப் போனாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு, காபித்தூள் டப்பாவில் கடுகு, விலை உயர்ந்த முகக்கிரீம் டப்பா ஒன்றில் பெருங்காயம். தொட்டியருகே கழுவிக் கவிழ்த்த பழுப்பு நிறக் குட்டிப் பாட்டில் ஒன்று. எந்த வீட்டில்தான் இல்லை என்று ஹெலன் அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

மகள் அம்ருதாவுக்கு இருபத்தெட்டு வயது; மென்பொருள் வேலை. தோல் விஷயத்தில் முனைவர் பட்டம் மட்டும்தான் பாக்கி. காலையில் ஏழு பூச்சு, ராத்திரி ஐந்து. நீர்த்தது முதலில், கெட்டியானது பிறகு, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிஷம். அலமாரியில் குப்பிகள் உயரவாரியாக, பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்கிற மாதிரி நின்றன.

தோலை உரிக்கிற பூச்சு எதன்மேலும் ஜெல் படக் கூடாது என்பதால், செயலியின் விதிப்படி ஹெலன் கேட்டாள்: "மேடம், அஞ்சு நாளா ஆசிட், ரெட்டினால் ஏதாவது போட்டீங்களா?"

"சான்ஸே இல்ல. ஃபங்ஷன் இருக்குன்னு ஒரு வாரமா ஆசிட் டோனரைத் தொடவே இல்ல. வெறும் பன்னீர், சீரம், மாயிஸ்சரைசர். அவ்ளோதான்."

பொய்யில்லை. அம்ருதா இதிலெல்லாம் பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஹெலன் முகத்தைத் துடைத்தாள். மெல்லிய ஜெல்லைப் பூசினாள். பத்து நிமிஷம் வைக்க வேண்டியது. மூன்றாவது நிமிஷத்தில் அம்ருதாவின் விரல்கள் படுக்கை விரிப்பைப் பிடித்தன. "கொஞ்சம் எரியறது." நான்காவது நிமிஷத்தில் கன்னம் சிவந்தது. ஹெலன் பரபரவென்று ஜெல்லை வழித்து, குளிர்ந்த நீரால் கழுவிக் கழுவி எடுத்தாள். ஜெல் போயிற்று, சிவப்பு போகவில்லை. இரண்டு கன்னமும் மோவாயும் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தன.

அம்ருதா கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "என்ன பண்ணிட்டீங்க? உங்க ஜெல்லாலதான்! இந்த மூஞ்சிய வச்சுண்டு எப்படி நான் அவா முன்னாடி வந்து நிப்பேன்?" என்றாள்.

"ஐயோ, தேவரே!" என்றாள் ராஜலக்ஷ்மி. துக்கத்தில் மட்டும் அந்த அம்மாளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

ஈரத்துணியை அம்ருதாவின் முகத்தில் போட்டுப் படுக்கவைத்துவிட்டு, ஹெலன் பால்கனிக்கு வந்து ஏரியா மேற்பார்வையாளர் டேரிலைக் கூப்பிட்டாள்.

"ஃபோட்டோ எடுத்து அப்லோட் பண்ணிட்டு உடனே கெளம்பு ஹெலன். மேல எதையும் பூசாத."

"அப்லோட் பண்ணா?"

"ஐடி ஹோல்டுல போவும். விசாரிப்பாங்க."

"எவ்ளோ நாளு?"

"எனக்கு இன்னா தெரியும்? பத்து நாளு. மாசம். சிஸ்டம்தான் சொல்லணும்."

"கஸ்டமர இப்பிடியே வுட்டுட்டு எப்படி சார் போறது?"

"ரூல சொல்ட்டேன். அப்புறம் உன் இஷ்டம்." டேரில் வைத்துவிட்டான்.

மணி மூன்றே கால். படம் ஏதும் எடுக்காமல் ஹெலன் திரும்ப உள்ளே வந்தபோது ராஜலக்ஷ்மி மகளின் தலைமாட்டில் நின்றிருந்தாள். கையில் பன்னீர்ப் பாட்டில். "குளிர்ச்சிடி. ஒரே ஒரு தடவை அடிச்சுக்கோ, எரிச்சல் ஓடிடும்" என்று விசிறுகிற மூடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பன்னீர் என்றால் அறையே மணக்க வேண்டும். இங்கே மணமே இல்லை. ஹெலன் ஒரே எட்டில் போய்ப் பாட்டிலைப் பறித்தாள். தன் மணிக்கட்டில் அடித்து முகர்ந்தாள். ரோஜா எங்கோ தூரத்தில். முன்னால் நின்றது புளிப்பு வாடை. பதினோரு வருஷம் பார்லரில் இழுத்துப் பழகிய ஆசிட் வாடை அது. சமையலறைத் தொட்டியருகே கவிழ்ந்திருந்த பழுப்புப் பாட்டில் இப்போது அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்தது.

ஹெலன் பாட்டிலையும் பார்த்தாள், ராஜலக்ஷ்மியையும் பார்த்தாள். துணிக்கடியில் கண்ணை மூடிக் கிடந்த அம்ருதா எதையும் பார்க்கவில்லை.

"அம்மா, ஐஸ் வேணும். எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க."

சமையலறைக்கு வந்ததும் ஹெலன் குரலைத் தாழ்த்தினாள். "அந்த பிரவுன் பாட்டில்ல இருந்தத எதுல ஊத்துனீங்க?"

ராஜலக்ஷ்மி முகத்தில் மகள் கன்னத்தின் நிறம் ஏறியது. "கால் பாட்டில் அப்படியே கெடந்தது. ஒரு வாரமாத் தொடவே மாட்டேங்கறா. எத்தனை விலை! ரெண்டும் தண்ணி மாதிரிதானே இருந்தது, பன்னீர்ல ஊத்திட்டேன். இந்தப் பாட்டில் அழகா இருக்கே, வெளக்கெண்ணெய் வச்சுக்கலாம்னு..."

"எப்போ ஊத்துனீங்க?"

"செவ்வாக்கிழமை." கையைப் பிசைந்தாள். "அவளுக்குத் தெரிஞ்சா இந்த ஜென்மத்துல என்னோட பேச மாட்டா. அதுவும் இன்னிக்கு."

ஹெலன் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டை உருவினாள். அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னால் தன் மேல் பழி நிற்காது. ஆனால் நட்சத்திரம் போடப்போகும் விரல் இந்த அம்மாளுடையது. சொல்லாவிட்டால் விரல் காக்கப்படும், பழி தன் தலையில். நியாயத்துக்கும் பிழைப்புக்கும் நடுவே பாதை ரொம்பக் குறுகல். மல்லேஸ்வரம் குறுக்குத் தெருவில் எதிரெதிரே இரண்டு கார் வந்த மாதிரி.

ஐஸை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

"மேடம், இந்தப் பன்னீர் கெட்டுப்போச்சு. நாலு நாளா மூஞ்சி எரிஞ்சிதா?"

துணிக்கடியிலிருந்து குரல் வந்தது: "ஆமா... எரிஞ்சா வேலை செய்யறதுன்னுதானே அர்த்தம்?"

"அப்பிடியெல்லாம் இல்ல மேடம். எரிஞ்சா எரியுதுன்னுதான் அர்த்தம். அதுமேல ஜெல்லு பட்டுதான் இப்பிடி ஆச்சு. நானும் மொதல்ல காதுகிட்ட ஒரு பொட்டு வச்சுப் பாத்திருக்கணும். எம்மேலயும் தப்பு இருக்கு."

ராஜலக்ஷ்மி வாசற்படியில் மூச்சு விட்டாள்.

அதன் பிறகு நடந்தது ஒன்றரை மணி நேரத்துக் காவல். பூசுவதற்குக் கூலி வாங்குகிறவள், யாரும் எதையும் பூசாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ராஜலக்ஷ்மி சந்தனக் கட்டையோடு வந்தாள், "வேணாம்மா." பாலாடையோடு வந்தாள், "பேடாம்மா" என்று கன்னடத்திலும் சொல்லிப் பார்த்தாள் ஹெலன். அம்ருதா கை அலமாரிப் பக்கம் நீளும்: "அந்தப் பச்சை டியூப் மட்டும். எரிச்சலை அடக்கும், ப்ளீஸ்." "வேணாம் மேடம்." "சன்ஸ்க்ரீனாவது?" "வெய்யிலு மூணாவது மாடி ஏறி ரூமுக்குள்ள வராது மேடம்." நாலு வருஷத்தில் முதல்முறையாகப் பூச்சில்லாமல் கிடந்த அம்ருதா, துணியில்லாமல் கிடப்பவள்போல் கூசினாள். ஹெலன் ஐஸ் தண்ணீரில் துணியை நனைப்பதும், பிழிவதும், போடுவதுமாக இருந்தாள். கைபேசியில் செயலி சிணுங்கியது: 'சேவை நேரம் கடந்துவிட்டது.' அதைக் கவிழ்த்து வைத்தாள்.

நாலு மணிக்கு மிளகாய் தக்காளியாயிற்று. நாலே காலுக்கு மோவாய் தெளிந்தது. நாலே முக்காலுக்கு இரண்டு கன்னத்திலும் ரோஜா நிறம் மட்டும் நின்றது. அம்ருதா கண்ணாடியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"வெட்கம்னு நெனச்சுப்பா" என்றாள் ராஜலக்ஷ்மி.

"எனக்கு வெட்கமா? ஒரு நாள் பேசினா அவாளுக்கே தெரிஞ்சுடும்" என்றாள் அம்ருதா. சிரித்தபோது கன்னம் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் ஹெலன் பையை மாட்டியபோது ராஜலக்ஷ்மி கைபேசியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. விரல் நின்றது.

"நாலு போட்டிருக்கேன். ரொம்ப நல்ல மார்க். எங்காத்துக்காரர் சீனிவாசராகவன் முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினார். முழு மார்க் ஒருத்தருக்கும் போட்டதில்ல. போட்டா தலைக்கனம் வந்துடும்பார்."

கீழே தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. 'அனுப்பு' என்ற பொத்தானுக்குமேல் விரல் ஆடிக்கொண்டிருந்தது. பன்னீர்ப் பேச்சை எடுக்க ஹெலனுக்கு ஒரு விநாடி போதும். நாக்கு நுனிவரை அது வந்தது. விழுங்கினாள்.

"அம்மா, நாலு வந்தா எனக்கு நாளைலருந்து வேலை இல்ல. அவ்ளோதான்."

"நாலுக்கா? என்ன அநியாயம்! நாலுன்னா எண்பது பெர்சென்ட்!"

"அவங்களுக்கு அது ஃபெயிலும்மா."

ராஜலக்ஷ்மி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். லிஃப்ட் மேலே வரும் ஓசை. பூர்வீக நிலத்தைக் கிரயம் எழுதிக்கொடுப்பவளைப் போல, ஐந்தாவது நட்சத்திரத்தைத் தொட்டு அனுப்பினாள். "அவர்கிட்ட சொல்லிடாதே" என்றாள். பிறகு உள்ளே ஓடிப்போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து ஹெலன் கையில் திணித்தாள். "புளிக்காய்ச்சல். சாதத்துல பெசஞ்சுக்கோ, நாலு நாள் தாங்கும்."

லிஃப்டிலிருந்து பட்டுப்புடவைகள் இறங்கின. ஹெலன் ஒதுங்கிப் படியிறங்கினாள். ஸ்கூட்டரருகே கைபேசியைப் பார்த்தாள்: 4.7. அதற்குக் கீழே ராஜலக்ஷ்மியின் கருத்து ஆங்கிலத்தில் இருந்தது: நல்ல பெண், இன்னும் முன்னேறலாம்.

டப்பாவின் மேல் 'இரவு நேரக் கிரீம், கண்களைச் சுற்றி மெதுவாகத் தடவவும்' என்று எழுதியிருந்தது. ஹெலன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, வீட்டில் சாமுவேல் குழம்பக் கூடாது என்று, அதன்மேல் பெரிய எழுத்தில் 'புளிக்காய்ச்சல்' என்று எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.