அக்காவின் கப்பல்காரர்

அக்கா இங்கிலாந்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் தாதி வேலை கிடைத்துப் போனவர், ஓய்வு பெற்ற பிறகும் அசையவில்லை. கல்யாணமும் கட்டவில்லை. கடைசிக் காலத்தில் அவரை யார் பார்ப்பது என்ற கவலை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. போன இலையுதிர் காலத்தில், ஒரு மாதம் நின்றுவிட்டுப் போகலாம் என்று சொல்லி கனடாவில் நான் இருக்கும் மொன்றியலுக்குக் கூப்பிட்டேன். வந்தவரை டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டிலேயே இருத்திவிடுவதுதான் என் உள்திட்டம்.

வந்த நாளிலிருந்து அந்தக் கிராமத்துப் புராணம்தான். ஒரு காலத்தில் சாராயம் கடத்தியவர்கள் பீப்பாய்களைக் கிறிஸ்தவக் கோயில் மணிக்கூண்டுக்குள் ஒளித்தார்களாம். சுவாமியாருக்கும் அதில் பங்காம். மீனுக்கு உப்புப் போட்ட நிலவறைகள் இப்போது தேநீர்க் கடைகளாம். மழை வரப்போகிறது என்றால் சுவரில் இன்னும் உப்புக் கசியுமாம். ஒடுங்கிய தெருக்களான ஒழுங்கைகளில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் யாராவது வீட்டு வாசலுக்குள் ஏறி நிற்க வேண்டுமாம்.

"எங்கட ஆக்கள் சரியான கள்ளர்" என்று பெருமையாகச் சொல்வார். ஒரு நாள் பூசை தவறாத யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண்மணி பேசுகிற பேச்சா இது! என் பிள்ளைகள் கேட்டுவிட்டுத் தங்களுக்குள் பிரெஞ்சில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

தண்ணீரும் பழைய கோயிலும்தானே, இங்கே இல்லையா என்று நினைத்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவரைப் புவாண்ட்-கிளேர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். கல்லுக் கோயிலையும் பழைய காற்றாலையையும் அக்கா ஆசையாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"வடிவான இடம். ஆனா உப்பில்லையே."

அங்கே கரையோர மர வாங்கில் உட்கார்ந்துதான் கப்பல்காரரின் கதையைச் சொன்னார். கிராமத்துக்குப் போன முதல் நவம்பரில் மரித்தோர் நாள் வந்தது. அன்றைக்கு ஒரு கல்லறையிலாவது மெழுகுதிரி கொளுத்தாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு இருப்புக் கொள்ளாது. அக்காவுக்கோ அங்கே செத்தவர் என்று யாரும் இல்லை. கோயில் இடுகாடான சேமக்காலையின் மூலையில் பாசி பிடித்த ஒரு கல் இருந்தது. பாய்மரக் கப்பல் காலத்தில் கடலில் மாண்டு கரை ஒதுங்கிய ஒருவரின் கல்லறை, பெயர்கூட இல்லை. அக்கா பாசியைச் சுரண்டிக் கழுவி, பூ வைத்து, திரி கொளுத்தினார். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பார்த்துக்கொண்டு நின்ற ஒரு கிழவி, சொந்தக்காரரா என்று கேட்டார்.

"எனக்கு இங்கிலிசில விளங்கப்படுத்தத் தெரியேல்லை. ஓம் எண்டிட்டன்."

மறுநாள் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை அக்காவின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்களாம். அன்றிலிருந்து அந்தக் கப்பல்காரருக்கு அக்காதான் குடும்பம். ஒரு நவம்பரும் தவறவிட்டதில்லை.

நான் உடனே கேட்டேன். "அப்ப இந்த நவம்பர்?"

"அதுக்குள்ள போயிடுவன்."

பொறுமை போய்விட்டது. "ஆரெண்டே தெரியாத வெள்ளைக்காரனுக்குப் பாசி சுரண்டப் போறியளோ? நாளைக்கு நீங்கள் கண்ணை மூடினா அங்க ஆர் அக்கா உங்களுக்குத் திரி கொளுத்தப் போகினம்?"

அக்கா கோபிக்கவில்லை. "நான் கொளுத்தேல்லையோ? அப்பிடி ஆரும் ஒராள் வரும்."

அந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை. யாரோ ஒருவர் எதற்கு? கூடப் பிறந்தவள் நான் உயிரோடு இருக்கிறேனே! "ஆரும் வரத் தேவையில்லை. நான் வருவன்" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான், அவர் கடைசிவரை அங்கேயே இருக்க நானே ஒத்துக்கொண்டது உறைத்தது.

அழுகையில் காரை எடுக்க முடியவில்லை. அக்கா பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.