கடைசி பெஞ்சுக்காரி எங்கே போனாள்

வெள்ளிக்கிழமை காலைக்குள் எனக்கு அந்தக் காட்சி கிடைத்தாக வேண்டும். இரண்டு நிமிடக் காட்சிதான். பள்ளிக்கூடத்தை வைத்து வந்த அந்தப் பழைய நகைச்சுவைத் தொடரில், கடைசி பெஞ்சுக்காரி தலைமையாசிரியை அறை வாசலில் நின்று தன் அப்பாவிடம் பேசுவாளே, அந்தக் காட்சி. "எனக்குப் பிடிச்சதை நான் படிக்கிறேன். உங்களுக்குப் பிடிச்சதை நீங்க படிங்க."

பத்தாவது முடித்த கோடையில் இந்த வசனத்தை அப்படியே என் அப்பாவிடம் சொன்னேன். அவர் எனக்கு ஃபர்ஸ்ட் குரூப் என்று முடிவு செய்து வைத்திருந்தார். கணக்கு, உயிரியல், பிறகு டாக்டர். நான் வரலாறு எடுத்தேன். பதினொன்றாம் வகுப்பு முழுக்க அவர் என்னோடு அம்மா வழியாகவே பேசினார். "அவளைச் சாப்பிடச் சொல்லு." நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வரலாறு என்னை எங்கெங்கோ கொண்டுபோய், கடைசியில் மற்றவர்கள் எடுத்த படங்களுக்குக் கீழே சப்டைட்டில் எழுதும் வேலையில் உட்கார வைத்தது. எனக்கு ஒரே இடத்தில் இருப்புக் கொள்ளாது. அடையாறில் ஒரு குழு புதிதாக ஒரு பள்ளிக்கூடத் தொடர் எழுதப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். ஏன் எழுத வருகிறாய் என்று அங்கே தலைமை எழுத்தாளர் கேட்டார். கடைசி பெஞ்சுக்காரியைப் பற்றி ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "நல்லா இருக்கே. அந்த எபிசோடை வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வா. எல்லாரும் உக்காந்து பாப்போம். ஒரு சீன் ஒரு பொண்ணைக் குரூப் மாத்த வெச்சிருக்குன்னா எப்படித்தான் எழுதியிருக்காங்கன்னு தெரியணும்ல? பாத்துட்டு உன்னைச் சேத்துக்கறதைப் பத்திப் பேசலாம்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரொம்பச் சுலபம் என்று நினைத்தேன். தொடர் முழுவதையும் யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்.

மயிலாப்பூர் வீட்டில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். தொடக்கத்தில் வரும் பாட்டைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. இரண்டாவது எபிசோடிலேயே குழப்பமும் வந்துவிட்டது.

கடைசி பெஞ்சுக்காரி குள்ளமாக இருந்தாள்.

என் கடைசி பெஞ்சுக்காரி உயரம். இடது கையால் எழுதுவாள். மழையில் நனைந்து வந்து, பாவாடை ஓரத்தைப் பிழிந்துகொண்டே பதில் சொல்வாள். இந்தப் பெண் வலது கையால் எழுதினாள். சுடிதார் போட்டிருந்தாள். தொடரில் மழையே பெய்யவில்லை. முழுக்க முழுக்க ஒரே வகுப்பறையில் எடுத்திருந்தார்கள். ஆனால் குரல் அவள் குரல்தான். அந்தக் குரலுக்கு இந்த முகம் பொருந்தவே இல்லை.

அதோடு நிற்கவில்லை. "எனக்கு வேணாம், நீயே வெச்சுக்கோ" என்று ஒரு வசனம். சண்டை போட்ட சிநேகிதி சமாதானத்துக்கு நீட்டிய பேனாவை அவள் திருப்பிக் கொடுக்கிற இடம் அது. அதை நினைத்து நான் பள்ளிக் கழிவறையில் அழுதிருக்கிறேன். இப்போது பார்த்தால், அவள் திருப்பிக் கொடுப்பது ஒரு கொழுக்கட்டை. அது கல் மாதிரி இருக்கிறது என்பது நகைச்சுவை. பின்னணியில் சிரிப்பொலி வேறு. வசனம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. காட்சி மட்டும் எங்கேயோ போய்விட்டது.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி உக்காந்துண்டிருக்கே?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இந்த சீரியலை நான் பாத்திருக்கேன்தானே?"

"நீ எங்கே பாத்தே? பத்தாவதுன்னு அந்த வருஷம் ஆத்துல கேபிளைக் கட் பண்ணிட்டோமே. நீ கூட ரெண்டு நாள் சாப்பிடாம மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு இருந்தியே."

மறந்தே போயிருந்தேன். பொதுத்தேர்வு வருஷம் என்றால் கேபிளைத் துண்டித்துவிடுவது எங்கள் தெருவில் பல வீடுகளில் நடப்பதுதான். அந்த வருஷம் நான் ஒரு எபிசோடும் பார்க்கவில்லை. கேட்டேன். தினமும் காலையில், பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று என் சிநேகிதி எனக்கு முந்தின நாள் கதையைச் சொல்வாள். கையை ஆட்டி, முகத்தைக் கோணி, ஒவ்வொருவர் குரலிலும் பேசி, நடந்து காட்டுவாள். நான் பார்த்ததாக நினைத்ததெல்லாம் அவளைத்தான்.

சரி, அவள் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்திருப்பாள், போகட்டும். எனக்கு வேண்டியது கடைசிக் காட்சி. நேராகக் கடைசி எபிசோடுக்குப் போனேன். ஆண்டு விழா. எல்லோரும் ஆடுகிறார்கள். கடைசி பெஞ்சு காலி. அதற்கு முந்தைய எபிசோடுகளில் தேடினேன், அதற்கும் முந்தையவற்றுக்குப் போனேன். ஒரு எபிசோடில் ஆசிரியர், "அவ அப்பாவுக்கு மாற்றல், ஊரை விட்டே போயிட்டாங்க" என்று போகிறபோக்கில் சொல்கிறார். அவ்வளவுதான். நடித்தவர் பாதியிலேயே விலகிவிட்டார் போல. தலைமையாசிரியை அறை வாசலும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்த வசனத்தை அந்தத் தொடரில் யாருமே பேசவில்லை.

அப்படியானால் நான் யார் சொல்லி வரலாறு எடுத்தேன்?

வியாழக்கிழமை மத்தியானம் தி.நகருக்கு ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் ஃபோனில் தேடிக்கொண்டே போனேன். பாட்டைக் கேட்டதும் ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இன்னாமா, அந்த ஸ்கூல் சீரியலா? எங்க ஊட்ல பசங்க இத்தான் போட்டுக்கினு கீதுங்க. அந்தக் குள்ளப் பொண்ணு செம வாயி!"

"அது உயரமில்லையா?" என்றேன்.

"இன்னாத்த உயரம்? பெஞ்சு மேல ஏறினாத்தான் தெரியும்."

சிநேகிதி இப்போது அவர்கள் குடும்பத்துத் துணிக்கடையில் சுடிதார் மாடியைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து வைத்த கடை. ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் ஏறவே இடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"வாடி! துணி எடுக்கவா, சும்மாவா? சும்மான்னா அந்த ஓரமா நில்லு, கஸ்டமர் வழியை மறைக்காத."

"அந்த சீரியலைப் பத்திக் கேக்கணும்."

அவள் மடித்துக்கொண்டிருந்த துப்பட்டாவை அப்படியே வைத்தாள். "எந்த சீரியல்?" என்று கேட்ட விதத்திலேயே எந்த சீரியல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவ குள்ளம்டி," என்றேன்.

"யாரு?"

"கடைசி பெஞ்சுக்காரி."

"குள்ளமா?" அவள் முகம் நிஜமாகவே விழுந்துவிட்டது. "ச்சே. நல்லாப் பாத்தியா?"

"நீ பாத்ததில்லையா?"

மூட்டை பிரித்துக் கொட்டும் பின்னறைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு பண்டலின் மேல் உட்கார்ந்தாள். "எங்க வீட்டுலயும் கேபிளைக் கட் பண்ணிட்டாங்கடி. எனக்குப் பத்தாவது, அண்ணனுக்கு பன்னெண்டாவது. எங்கப்பா சும்மா விடுவாரா? மேல் வீட்டுல டிவியை அலற விடுவாங்க. நான் பயாலஜி புஸ்தகத்தை எடுத்துட்டுப் படிக்கட்டுல போய் உக்காந்துப்பேன். சத்தம் மட்டும் கேக்கும். யாரு எங்க நிக்கிறாங்க, கையில என்ன இருக்கு, எதுவும் தெரியாது. நானா வெச்சுக்கிட்டேன்."

"அப்ப அந்தக் கடைசி சீன்?"

"அது சத்தமும் கிடையாது. மேல் வீட்டுக்காரங்க ஃபெப்ரவரியிலயே காலி பண்ணிட்டாங்க."

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் பாதிப் பாதி வந்தது. "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? காலையில நான் பையை வைக்கறதுக்குள்ள வந்து நிப்ப. 'நேத்து பாக்கல'ன்னு சொன்னா ரெண்டாவது பெஞ்சு கும்பலோட போயிடுவ. அவங்க வீட்டுல எல்லாம் டிவி இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ உங்கப்பா கிட்டப் போய் அதே டயலாக்கைப் பேசினேன்னு வந்து சொன்னியே, அன்னிக்கு எனக்கு பயமாயிடுச்சு. இல்லாத ஒருத்தி பேச்சைக் கேட்டு இவ குரூப் மாத்திட்டாளேன்னு. அப்புறம் சொன்னா மறுபடி மாத்துவியோன்னு வேற பயம்."

"நீ ஏன்டி உங்கப்பா கிட்டச் சொல்லல?"

"என்னத்த?"

"அந்த டயலாக்கை."

அவள் ஃபர்ஸ்ட் குரூப்தான் எடுத்தாள். பிறகு பொறியியல், பிறகு இந்த மாடி. ஒரு துப்பட்டாவின் ஓரத்தைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "இதோ வரேன்கா!" என்று குரல் கொடுத்தவள், என் பக்கம் திரும்பி, "நான் அதை எழுதிப் பாத்தேன்னு வெச்சுக்கோயேன். பேசறதுக்குத்தான் நீ இருந்தியே," என்றாள்.

அவள் துணியின் விலைச்சீட்டில் எண் எழுதிக்கொண்டே எழுந்தாள். இடது கையால். எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அவள் உயரமும்கூட.

வெள்ளிக்கிழமைக்குக் காட்சி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விஷயத்தைச் சொன்னேன். அடையாறு, தலைமை எழுத்தாளர், வேலை, எல்லாம்.

"ஐயையோ. என்னால உன் வேலை போச்சா?"

"இன்னும் கிடைக்கவே இல்ல, எப்படிப் போகும்? அந்த சீனை இன்னொரு தடவை சொல்லு. ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

"இப்பவா? நடுவுல கஸ்டமர் வந்தா நான் பொறுப்பில்ல."

சொன்னாள். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் சொன்ன மாதிரியேதான் சொன்னாள். தலைமையாசிரியை நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம், அப்பாவின் செருமல், பாவாடையிலிருந்து சொட்டும் தண்ணீர்.

மறுநாள் அடையாறில் ஐந்தாறு பேர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஃபோனை மேஜை மேல் வைத்தேன்.

"படம் எங்க?" என்றார் தலைமை எழுத்தாளர்.

"படம் இல்லீங்க மேடம். கேளுங்க."

கேட்டார்கள். அப்பா வாசலில் வந்து நிற்கிற இடத்தில், "இதுல டபுள் எக்ஸ்எல் இருக்கா?" என்று ஒரு பெண் குரல். "இந்தக் கலர்ல வராதுக்கா, அந்த நீலம் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சுகூட விடாமல், "அப்ப அவ அப்பாவைப் பாக்கவே இல்ல, தரையில சொட்டற தண்ணியைப் பாத்துத்தான் சொல்றா" என்று தொடர்ந்தாள் அவள். அறையில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் தலைமை எழுத்தாளர் கேட்டார். "இது எந்த எபிசோட்?"

"எந்த எபிசோடும் இல்லீங்க." நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கே நம்பமுடியாமல் இருந்தது.

அவர் பேனாவை எடுத்து ஒரு தாளை இழுத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு நம்பர் குடு," என்றார்.

"நானுங்க மேடம்?"

"அவங்க வந்தா நீயும் வா. திங்கட்கிழமை."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். சந்தோஷமா, பொறாமையா, வேலை கிடைத்ததா, கிடைக்கவில்லையா, ஒன்றும் பிடிபடவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

"திங்கட்கிழமையா? ஆடி முடியாம எங்கப்பா கிட்ட லீவு கேட்டா வெட்டிப் போட்டுடுவாரு."

"கேட்டுத்தான் பாரேன்."

கடை இரைச்சலுக்கு நடுவே யாரையோ பில் போட அனுப்பினாள்.

"கேக்கறேன்," என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அவ நிஜமாவே குள்ளமாடி?"

அந்த எபிசோடுகளை எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை இப்போது நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. தலைமையாசிரியை அறை வாசலில் நனைந்துபோய் நிற்பவள்தான் வந்தாள்.

"இல்லடி," என்றேன். "உயரம்தான்."