நெற் கபேயில் கதவு கழற்றிய கதை

யுத்த காலத்தில் நாவற்குடாவில் ஒரு நெற் கபேக்கு, அதாவது இன்ரநெற் கடைக்கு, பொறுப்பாக இருந்தேன். நான்கு கொம்பியூட்டர், நான்கு பலகை அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. ஒருநாள் ஊர்ச் சிறுவர் பாதுகாப்புக் குழு வந்து நின்றது. தலைவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர்.

"பிள்ளை, இதுக்குள்ள சிறுவர் பார்க்கக்கூடாத படமெல்லாம் வருதாமே. நாங்க ஒருக்காப் பார்க்கோணும்."

பரிசோதனை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தது. கடமையில் அவ்வளவு ஈடுபாட்டை எங்கள் ஊரில் நான் கண்டதேயில்லை. வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார்கள்: கதவுகளைக் கழற்ற வேண்டும், திரைகள் வீதியைப் பார்க்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வரக்கூடாது.

"சேர், வெளிநாட்டில இரிக்கிற புருசனோட கதைக்க வாற பொம்பிளையள் என்ன செய்யிற?"

"நல்ல கதை எண்டா நாலு பேர் கேட்டா என்ன?"

முதலாளியும் தலையாட்டினார். கதவுகள் போயின.

அடுத்த வெள்ளிக்கிழமை, மருமகன் வேலை செய்யும் கட்டாரில் லீவு நாள், அதிபரே மகளையும் மூன்று வயதுப் பேத்தியையும் கூட்டி வந்தார்.

"பேத்திக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டா சேர்?"

"தகப்பனைப் பார்க்கத்தானே பிள்ளை" என்று நெளிந்தார்.

மகள் என் காதோடு ஒன்று சொன்னாள். முந்தின நாள் யாரோ அவள் கணவனை விசாரித்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்படித் தேடப்பட்டவர்கள் காணாமல் போகிற காலம். யாரும் ஒட்டுக்கேட்பார்கள் என்று வீட்டுப் போனில் அதைச் சொல்லப் பயம்.

திரையில் கணவன் சிரித்தபடி டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். அடுத்த கிழமை வருகிறாராம். கதவில்லாத அறையில் மகள் வாய் திறந்தால் எல்லோருக்கும் கேட்கும். வாங்கில் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எங்களுக்குத் தெரியாத முகம். அதிபரும் அவர்களைப் பார்த்துவிட்டார்.

அதிபர் எழுந்தார். சால்வையை விரித்துத் திரையை மறைத்துக்கொண்டு, வாங்கைப் பார்த்துப் பெருங்குரலில் தொடங்கினார்.

"இந்த இன்ரநெற்றால பிள்ளையள் எப்பிடிக் கெட்டுப்போகுதுகள் எண்டு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாத முகங்கள் இரண்டும் கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தன. அவருக்குப் பின்னால் மகள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. "இப்ப வராதீங்க. உங்களக் கேட்டு ஆக்கள் வந்தவங்க. டிக்கெட்ட மாத்துங்க."

இன்று இணையச் சட்டம் பற்றி ரீவியில் வாதாடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கதவைக் கழற்றுமுன், அந்தக் கதிரையில் இன்னும் யார் யார் வந்து இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அதிபர் அதன்பிறகும் எத்தனையோ மேடைகளில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். ஒரு பிள்ளைக்குத் தகப்பனை மிச்சம் வைத்தது அந்த ஒரு பேச்சுத்தான்.