ஜஸ்டின் படத்துக்குப் பக்கத்துல கிரிக்கெட் பேட்

ஜஸ்டின் போயிட்டான்.

காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்கான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நாலு மணிக்கு அவன் ஊரு இனயத்துல அடக்கம்.

நான் இப்ப ஃப்ளெக்ஸ் கடை வாசல்ல நிக்கேன். உள்ள போறேன், வெளிய வாறேன், உட்கார முடியல... அதான் இதை டைப் பண்றேன்.

முதல்ல அடிச்ச ஃப்ளெக்ஸ்ல அவன் படத்துக்குப் பக்கத்துல கிரிக்கெட் பேட்டும் ஸ்டம்பும். கீழ "சிறந்த ஆல்ரவுண்டர்"னு வேற.

"பேஸ்பால்னு சொன்னேம்லாடே?"ன்னு கத்திட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானேண்ணே, பந்தை அடிக்கதுதானே"ங்கான் கடைக்காரத் தம்பி. ஜஸ்டின் வாழ்நாள் முழுக்க கேட்டுச் சலிச்ச பேச்சு. செத்தும் அவனை விடல.

காலேஜ்ல நாங்க ஒரே டீம். நான் பந்து எறியிற பிட்சர். என்னைச் சுத்தி உள்வட்டத்துல நாலு இடம்... ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப். மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு இடம்தான் சரியா வரும். ஜஸ்டினுக்கு நாலும் வரும்.

ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பெரிய கிளவ், மத்த இடத்துக்குச் சின்னது. ரெண்டையும் ஒரே பையில திணிச்சுட்டு வருவான். "கடை போடப் போறியா மக்கா?"ன்னு பஸ்ல ஓட்டுவோம். சிரிச்சுக்கிட்டே ஜன்னல் சீட்டைப் பிடிச்சிருவான்.

ஒரு மேட்ச்ல கோச் அவனை மாத்தி மாத்தி நிறுத்தினாரு. எனக்குத்தான் பொறுக்கல. "ஏலே, ஒரே இடத்துல நிக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கெடக்கட்டு மக்கா"ன்னு கிளவ்வை மாத்திக்கிட்டு ஓடிட்டான். இவன் என்ன இப்படி இளிச்சவாயனா இருக்கான்னு எனக்கு அன்னைக்கு முழுக்க எரிச்சல்.

அப்புறம் வெளியூர்ல ஒரு கம்பெனி டீம். பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்கினவன் எங்க செட்டுலேயே அவன் ஒருத்தன்தான். புதுசா வந்த கோச், நாலு இடத்துக்கும் தனித்தனி ஆள் போதும்னுட்டாரு. இவனோட கான்ட்ராக்டைக் கம்பெனி புதுப்பிக்கல.

ஊருக்கு வந்து ஐஸ் பிளான்ட்ல வேலை. வேலை முடிஞ்சாலும் வீட்டுக்குப் போக மாட்டான். பிளான்ட் சுவர்ல பந்தை எறிஞ்சு எறிஞ்சு பிடிச்சிட்டு நிப்பான்.

இப்ப கடைத் தம்பி கேக்கான், "அப்ப என்ன பொசிஷன்னு போடணும்ணே?"

பழைய டீம் குரூப்ல கேட்டேன். ஒருத்தன் ஷார்ட்ஸ்டாப்ங்கான், ஒருத்தன் செகண்ட் பேஸ்ங்கான். தேர்ட் பேஸ்தான்னு ஒருத்தன் சண்டைக்கே வந்துட்டான். அங்க மணி ஆகுது, இங்க இவனுவ அடிச்சுக்கிடுதானுவ.

வேற வழியில்லாம அவன் மனைவி ஷீபாவுக்குப் போன் பண்ணினேன். இந்த நேரத்துல இதையா கேக்கன்னு எனக்கே கூச்சமா இருந்துச்சு.

ஷீபா சொல்லிச்சு: "எந்த இடமும் பிடிக்கும்னு எங்க வீட்டுக்காரரு சொன்னதில்ல அண்ணே. ஆட விடாம வெளிய உக்கார வச்சிருவாவளோன்னுதான் அவியளுக்குப் பயம். அதுக்குத்தான் நாலையும் படிச்சேன்னு சொல்லுவாவ."

இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு ஆடியிருக்கேன். எனக்கு இது தெரியாது...

"பேஸ்பால் வீரர்"னு மட்டும் போடச் சொல்லிட்டேன். பிரிண்ட் ஓடுது.

ஜஸ்டினே... சும்மா இருக்க உனக்கு ஆகாதேலே. இப்ப எப்படி மக்கா படுத்துக் கெடக்க?