சம்பந்தி வண்டியில் வெண்ணெய்

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயரை வீட்டு வரி ரசீதில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி எல்லாருக்கும் அவர் வெடுக்கு மெக்கானிக். வாயைத் திறந்தால் வெடுக்கென்று ஒரு சொல் விழும், விழுந்த இடம் கொப்பளித்துப்போகும். முப்பது வருஷமாகப் பழைய கார் இன்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறார். வண்டி வாங்குகிறவன் கால் முட்டாள், அடுத்தவன் பேச்சைக் கேட்டு வண்டியைப் பிரிக்கிறவன் அரை முட்டாள், துடைத்துத் துடைத்து நிறுத்தி வைக்கிறவன் முழு முட்டாள் என்பது அவர் தீர்ப்பு.

அந்த முழு முட்டாள்களில் முதல் நாற்காலி அவருடைய சம்பந்திக்கு. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். அடுத்தவன் கோப்பில் பிழை பிடித்தே தலை நரைத்தவர். பெண் கொடுத்த இடமாச்சே என்று அவரிடம் மட்டும் மெக்கானிக் நாக்கைப் பல்லுக்குள்ளே கட்டிவைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாமா வண்டில ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா வெண்ணெய் மாதிரி நிக்குது. அந்தக் கண்ணாடிக் கதவு ஒர்க்‌ஷாப்ல காட்டுனாரு. ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு, கேஸ்கட் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்னுட்டாங்க. நாளைக்குக் கொண்டுபோய் விடுறாராம்."

"விடட்டும். எனக்கென்ன?"

"போன மாசம் ஆயில் மாத்துனது நீங்கதானே? 'உங்கப்பா கை வச்ச நேரம், வண்டி படுத்துடுச்சு'ன்னு சாப்பிட உக்காந்தா இதே பாட்டு. சோறு இறங்க மாட்டேங்குதுப்பா."

மெக்கானிக் போனை வைத்தார். ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசலிலேயே சம்பந்தி பிடித்துக்கொண்டார். "வாங்க சம்பந்தி. உங்க கைராசியப் பாத்தீங்களா?"

"வண்டியப் பாக்கத்தான் வந்தேன்."

மூடியைத் திறந்தார். களிம்பு அப்பியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கம்பியில் ஆயில் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்துவரை நின்றது. அதன் மூடியைக் கழற்றிவைத்தபடியே இன்ஜினை முடுக்கி, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று உற்றுப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. ஆயிலையும் தண்ணீரையும் கலக்காமல் பிரித்து வைக்கிற கேஸ்கட் போன வண்டியில் தண்ணீர் குறையும், குமிழி கொப்பளிக்கும், அடியில் இருக்கிற ஆயிலே பால்போல வெளுத்துவிடும். இங்கே ஒன்றும் கிடையாது. மூக்கு ஒழுகுகிறவனுக்கு மண்டையைப் பிளக்கச் சொன்ன வைத்தியன் எந்த மடையனோ என்று கண்ணாடிக் கதவுக்காரர்களை மனசுக்குள் வைதார்.

"வண்டிய எங்க ஓட்டுறீங்க?"

"தினம் ஓட்டுறேனே! பேப்பர் கடைக்கு. ரெண்டு தெரு."

"முன்னாடி?"

"ஆபீசுக்குப் போயிட்டிருந்தேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்."

"மூடி போட்ட பானைய லேசா சுடவச்சு இறக்குனா, மூடிக்கடியில வேர்க்குமா வேர்க்காதா? அந்த வேர்வைதான் ஆயிலோட கலந்து வெண்ணெயா நிக்குது. நல்லா சூடேறுனா ஆவியா ஓடிடும். நீங்க சூடேறதுக்குள்ள பேப்பர் வாங்கிட்டுத் திரும்பிடுறீங்க. ஏறுங்க, காட்டுறேன்."

மகளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊரைத் தாண்டிப் பெரிய சாலையில் அரைமணி நேரம் விரட்டினார். சம்பந்திக்கு வாய் ஓயவில்லை.

"சூடு காட்டுற முள்ளப் பாருங்க சம்பந்தி, அடியிலயே கெடக்கு. இவ்வளவு குளிர்ச்சியா எவன் வண்டி ஓடும்? ரெண்டு வருஷம் முன்ன வெயில்ல கொதிச்சப்ப நீங்க என்னமோ கழட்டிப் போட்டீங்களே, அன்னையிலேர்ந்து முள் எழும்பினதே இல்ல."

மெக்கானிக் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

அவர் கழற்றிப் போட்டது தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுத்து நிறுத்தும் சின்ன வால்வு. கொதிக்கிற வண்டி வந்தால் அதைப் பிடுங்கி எறிவது தொழில்காரர்கள் பலருடைய பழக்கம். 'இந்தச் சனியன் எதுக்கு?' என்று சொல்லி அவரும் எத்தனையோ பிடுங்கியிருக்கிறார். இப்போது அரைமணி நேரம் விரட்டியும் சூடு பிடிக்காத இன்ஜின், பேப்பர் கடைக்குப் போனாலும் சரி, பரதேசம் போனாலும் சரி, உள்ளே வேர்க்கத்தான் செய்யும். ஆபீஸ் ஓட்டம் இருந்தவரை, நெடுநேரம் ஓடியதில் வேர்வை பெரும்பாலும் காய்ந்துபோய் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். கண்ணாடிக் கதவுக்காரன் மடையன்தான். ஆனால் அவனுக்கும் மூத்த மடையன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான்.

பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்: "மாமா, ரெண்டு தெரு ஓட்டுனதாலதான்னு தெரிஞ்சுபோச்சுல்ல? எங்கப்பா கைல தப்பில்லன்னு இப்பவாவது ஒத்துக்குங்க."

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் தலை நிமிர்த்தியிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சில் முள் தைத்தது. வண்டியை ஓரங்கட்டினார்.

"ரெண்டு தெரு ஓட்டுனது உங்க தப்பு. அந்த வால்வைக் கழட்டுனது என் தப்பு. பெரிசு என்னுதுதான்."

சம்பந்தி முகத்தில் அப்படியொரு வெளிச்சம், கோப்பில் கையெழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்த மாதிரி. "அப்ப நான் சொன்னது சரி!"

"ஆளச் சரியாச் சொன்னீங்க, நோயத் தப்பாச் சொன்னீங்க. நாளைக்கு அங்க விட்டிருந்தா நல்ல இன்ஜினைக் கூறு போட்டிருப்பானுங்க."

அன்றைக்கே புது வால்வு மாட்டி, களிம்பைத் துடைத்து, ஆயிலையும் மாற்றினார். மறுபடி ஓட்டியபோது முள் பாதிவரை ஏறி நின்றது. வாரம் ஒருதரம் ஒரு மணி நேரம் வண்டியை விரட்ட வேண்டும் என்று சம்பந்திக்கு உத்தரவு. மூன்றாவது வாரம் மகள் போன் செய்தாள்.

"மூடி சுத்தமா இருக்குப்பா. ஆனா அன்னைக்கு நீங்க வாய மூடிட்டு இருந்திருக்கலாம். ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சு? மறுபடி வெண்ணெய் தெரண்டா யார் தலைல தடவுறது? சரி, சாப்பாட்டு நேரத்துல இப்ப என்ன பாட்டு?"

"நீங்க தப்ப ஒத்துக்கிட்ட கதைதான். வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்றாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாருப்பா. சோறு இறங்குது."

போனை வைத்துவிட்டு, மெக்கானிக் பட்டறை மூலையிலிருந்த பழைய பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தார். அவர் பிடுங்கிய வால்வுகள் துருவேறிக் கலகலவென்று கொட்டின. ஒவ்வொன்றும் யார் வண்டியது என்று யோசித்து, முதலில் நினைவுக்கு வந்த டாக்சிக்காரனுக்குப் போன் போட்டார்.

"வண்டிய எடுத்துட்டு வாடா."

"ஏண்ணே, வண்டி நல்லாத்தானே ஓடுது? என்ன ரிப்பேரு?"

"நான் பண்ணுன ரிப்பேர்தான். வாய மூடிட்டு வா."